க்ரூகர் சாலையா, சாபி சாண்ட் ஜீப்பா, மஷாட்டு மறைவிடமா?

ஆப்பிரிக்காவுக்கு முதன்முறையாகக் கேமராவோடு கிளம்பும் நண்பர்கள் என்னிடம் கேட்பது லென்ஸைப் பற்றித்தான். 400 மி.மீ. போதுமா, 600 வாங்கிவிடலாமா? (இந்த எண் கூடக் கூடத் தொலைவில் உள்ளது பெரிதாகத் தெரியும்.) லென்ஸை அப்புறம் பார்க்கலாம். எதில் உட்கார்ந்து படம் எடுக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கண் எந்த உயரத்தில் இருக்கிறது, ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் இருக்க முடிகிறது, இந்த இரண்டும்தான் படத்தைத் தீர்மானிக்கின்றன.

எனக்குப் பழக்கமான மூன்று வழிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் வாடகைக் காரை நாமே ஓட்டுவது ஒன்று. அதன் மேற்கு எல்லையை ஒட்டிய சாபி சாண்ட் தனியார் காப்பகத்தில் வழிகாட்டியுடன் திறந்த ஜீப்பில் போவது இன்னொன்று. எல்லை தாண்டி போட்ஸ்வானாவின் மஷாட்டு காப்பகத்தில், தண்ணீர்க் குட்டையின் ஓரமாக நிலத்துக்குள் இறக்கிவைத்த மறைவிடத்தில் காத்திருப்பது மூன்றாவது.

முதல் இரண்டையும் தாராளமாக ஒப்பிடலாம். க்ரூகருக்கும் சாபி சாண்டுக்கும் நடுவே இருந்த வேலியை 1993-இல் எடுத்துவிட்டார்கள். காலையில் இந்தப் பக்கம் கண்ட சிறுத்தை மாலையில் அந்தப் பக்கம் இருக்கலாம். விலங்கு ஒன்றுதான், விதிகள்தான் வேறு.

க்ரூகரில் சாலையை விட்டு இறங்கக் கூடாது. தார்ச்சாலையில் 50 கி.மீ., மண்சாலையில் 40 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக் கூடாது. குறிப்பிட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் காரிலிருந்து இறங்கவும் கூடாது. ஸ்குகுசா முகாமிலிருந்து லோயர் சாபி முகாமுக்குப் போகும் ஆற்றோரச் சாலையில் ஒரு ஜூலை மாதக் காலையில் சிறுத்தை ஒன்றைப் பார்த்தேன். ஆற்றுக்கு அக்கரையில், அத்தி மரக் கிளையில் கால்களைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தது. 600 லென்ஸில் கட்டைவிரல் அளவுதான் தெரிந்தது. எனக்கு முன்னால் ஆறு கார்கள் நின்றிருந்தன. வெயில் ஏற ஏறத் தரையிலிருந்து கிளம்பிய கானல் உருவத்தைக் கலைத்துவிட்டது. அந்த வரிசையில் ஒரு படமும் தேறவில்லை.

சாபி சாண்டில் கதையே வேறு. வண்டியின் முன்பக்கம் துருத்தி நிற்கும் தனி இருக்கையில் தடம் பார்ப்பவர் உட்கார்ந்திருப்பார். எங்களோடு வந்தவர் திடீரென்று கையை உயர்த்தி, இறங்கிப்போய் மணலில் குந்தினார். தடத்தின் ஓரம் இன்னும் சரியவில்லை, அதனால் புதிது என்றார். பத்து நிமிடத்தில் ஜீப் புதருக்குள் நுழைந்தது. பெரிய விலங்குகளைத் தேடும்போது அங்கே சாலையை விட்டு இறங்கிப் போகலாம். பெண் சிறுத்தை ஒன்று எங்கள் முன்சக்கரத்தைத் தாண்டி நடந்து போனது. 600 லென்ஸில் அதன் மீசையும் ஒரு கண்ணும்தான் அடங்கின. அங்கே போனால் 70-200 போதும். ஓரிடத்தில் இரண்டு மூன்று வண்டிகளுக்கு மேல் விடமாட்டார்கள், இருட்டிய பிறகும் விளக்கோடு சுற்றலாம்.

அப்படியென்றால் சாபி சாண்டே சிறந்ததா? எளிதாக ஆமாம் என்று சொல்ல மாட்டேன். ஜீப்பின் இருக்கைகள் படிப்படியாக உயரும். கடைசி வரிசையில் உட்கார்ந்தால் விலங்கை மேலிருந்து கீழே பார்க்கிறோம். அதன் முதுகும், பின்னணியில் வெறும் மண்ணும்தான் படத்தில் விழும். விளம்பரங்களில் இதைச் சொல்ல மாட்டார்கள். முதல் வரிசையைக் கேட்டு வாங்குங்கள். வண்டியைப் பள்ளத்தில் நிறுத்த முடியுமா என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். நல்லவர்கள் கேட்காமலே செய்வார்கள். இன்னொன்று, அது பகிர்ந்துகொள்ளும் வண்டி. நமக்குக் கழுதைப்புலிக் குட்டிகளோடு ஒரு மணி நேரம் வேண்டும், பக்கத்து இருக்கைக்காரருக்குச் சிங்கம் வேண்டும். தனி வண்டி எடுக்கலாம், ஆனால் ஏற்கெனவே கனமான செலவு இன்னும் கூடும்.

க்ரூகரின் பலம் இங்கேதான் தெரிகிறது. நேரம் முழுக்க நம்முடையது. சடாரா முகாம் பக்கம் ஒரு காய்ந்த கிளையில் ஊதா மார்புப் பனங்காடை உட்கார்ந்திருந்தது. நம் ஊர்ப் பனங்காடையின் நெருங்கிய உறவு. எஞ்சினை அணைத்துவிட்டு ஐம்பது நிமிடம் இருந்தேன். பறப்பதற்கு முன் உடலை லேசாக முன்னே சாய்க்கிறது என்பது நான்காவது முறைதான் புரிந்தது. ஐந்தாவது முறை 1/3200 நொடி ஷட்டர் வேகத்தில் விரிந்த நீலச் சிறகு முழுதாகக் கிடைத்தது. எந்தப் பொது ஜீப்பிலும் அந்தப் பறவைக்காக யாரும் ஐம்பது நிமிடம் தரமாட்டார்கள்.

கார் எடுக்கும்போது உயரமான எஸ்யூவிக்கு ஆசைப்படாதீர்கள். புல் உயர்ந்திருக்கும் மழைக்காலத்தில் உயரம் உதவும், சரி. அங்கே குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான மாதங்களில் சாதாரணக் காரின் தாழ்ந்த ஜன்னல்தான் நல்ல கோணம் தருகிறது. லோயர் சாபி முகாமுக்குப் பக்கத்திலுள்ள சன்செட் அணையில் நீர்யானையும் முதலையும் சாலைக்கு மிக அருகில் வரும். அங்கே ஜன்னல் உயரம் நேராகவே படத்தில் தெரியும். லென்ஸைத் தாங்கக் காலிப் பையைக் கொண்டுபோய், அங்கே இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பி ஜன்னலில் போட்டுக்கொள்ளலாம். நம் ஊர் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் பயம் வேண்டாம்.

மஷாட்டு மறைவிடம் என் மனசுக்கு நெருக்கமானது. லிம்போபோ ஆற்றங்கரைப் பக்கம், வறண்ட மாதங்களில் யானைக் கூட்டங்கள் தண்ணீருக்கு வரும். நாம் நிலத்துக்குள் இருப்பதால் கேமரா தண்ணீர் மட்டத்தில் இருக்கிறது. முதலில் சத்தம் எதுவும் இல்லை. அப்புறம் ஜன்னல் முழுக்கக் கால்கள். நகங்களின் இடுக்கில் ஈரச்சேறு, மடிப்பு மடிப்பாக முழங்கால், நீரைத் தொட்டதும் சுருங்கும் துதிக்கை நுனி. குட்டி ஒன்று தாயின் முன்னங்கால்களுக்கு நடுவிலிருந்து நேராக லென்ஸைப் பார்த்தது. இங்கே 24-70 போதும். கேமராவைச் சத்தமில்லாத நிலைக்கு மாற்றிவிடுங்கள். உயரத்திலிருந்து சின்னதாகத் தெரிந்த யானை, இங்கே வானத்தை மறைத்து நிற்கிறது.

குறையும் உண்டு. முதல் நாள் காலை முழுக்கப் புறாக்கள் மட்டுமே வந்தன. மழை பெய்துவிட்டால் காட்டில் எங்கும் தண்ணீர், குட்டைக்கு யாரும் வரமாட்டார்கள். பின்னணியை மாற்ற முடியாது, வெளிச்சம் வரும் திசையும் நம் கையில் இல்லை. சிங்கத்தை நினைத்துக்கொண்டு அங்கே போகாதீர்கள்.

பத்து நாள் கையில் இருந்தால் நான் இப்படிப் பிரிப்பேன்: க்ரூகரில் ஆறு, மஷாட்டுவில் நான்கு. சாபி சாண்டைச் சிறுத்தைதான் வேண்டும் என்பவர்களுக்கு விட்டுவிடுவேன். அவர்களுக்கு வேறு இடத்தைச் சொல்ல மாட்டேன். மாதம் ஆகஸ்ட் அல்லது செப்டம்பர். மறைவிட இருக்கைகள் குறைவு என்பதால் அதை முதலில் பதிவு செய்துவிட்டு, மற்ற நாட்களை அதைச் சுற்றி அடுக்குங்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து மஷாட்டுவுக்குக் கடக்கும் போண்ட் டிரிஃப்ட் எல்லைச் சாவடியில் லிம்போபோ ஓடிக்கொண்டிருந்தால் கம்பிவடத்தில் தொங்கும் கூண்டில்தான் அக்கரை போக வேண்டும்; கேமராப் பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.