போத்தல் பனங்கள்ளு: பல பருவம் குடித்துப் பார்த்தபின்

பாளை சீவிய நேரத்திலிருந்து பனங்கள்ளு மணிக்கு மணி மாறிக்கொண்டிருக்கும். பாளைநீரில் 10 முதல் 14 சதவீதம் வரை சீனி இருக்கும். பாளைநீர் பிடிக்கும் முட்டியில் ஒட்டியிருக்கும் மதுவம் (ஈஸ்ட்) மரத்திலேயே அந்தச் சீனியைத் தின்னத் தொடங்கிவிடும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் மதுவம் அடங்கிப்போகும், கிடைப்பது புளிக்காத கருப்பநீர் (பதநீர்). பூசாவிட்டால் கள்ளு. ஒரு நாளுக்குள் மதுசாரம் 5 சதவீதத்தை அண்மிக்கும். பிறகு ஏறுவது புளிப்புத்தான். இந்த ஓட்டத்தை இடையில் நிறுத்தி வைத்ததுதான் போத்தல் கள்ளு. வடிகட்டி, அடைத்து, 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற்றி மதுவத்தைச் சாகடிக்கிறார்கள். எந்த மணியில் நிறுத்தினார்கள் என்பதில்தான் நல்ல போத்தலும் கெட்ட போத்தலும் பிரிகின்றன.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்தத் தொழிலைத் தாங்கி நிற்பவை பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள். உறுப்பினரான சீவல் தொழிலாளர் காலையும் மாலையும் இறக்கும் கள்ளு முதலில் கள்ளு விற்கும் தவறணைக்குப் போகும். பருவத்தில் விற்று முடியாமல் மிஞ்சுவது போத்தலுக்கும் வடிசாலைக்கும் போகும். பல மரத்துக் கள்ளு ஒரே பீப்பாவில் கலப்பதால் தனிப்பனைக் கள்ளின் குணத்தைப் போத்தலில் தேட முடியாது. அதற்குப் பதிலாக ஒரே சீரான சுவை கிடைக்கும், ஒழுங்காகச் செய்தால்.

வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியது அடைத்த திகதி. பங்குனி, சித்திரையில் அடைத்ததை எடுங்கள். அப்போது பாளைநீர் தாராளமாக ஊறும், மழைநீர் முட்டியில் சேராது. அடைத்து இரண்டு மாதத்துக்குள் குடித்தால் பனை மணம் இருக்கும். அதன்பின் மெல்ல மெல்லக் காய்ச்சிய பாணியின் மணம் மேலெழும், நிறமும் மங்கும். குடித்தால் கேடில்லை, ஆனால் கொடுத்த காசுக்கு உரியது போய்விட்டது. கடை வாசலில் வெயில் படும்படி அடுக்கிய பெட்டியிலிருந்து வாங்கவே வேண்டாம்.

அடுத்தது மூடி. விரலால் தடவிப் பாருங்கள். மேல்நோக்கி வீங்கியிருந்தால் சூடு போதாமல் மதுவம் தப்பியிருக்கிறது, மிஞ்சிய சீனியை உள்ளே இன்னும் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். அந்தப் போத்தல் வெடிக்கக்கூடியது. தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் இன்னும் விரைவில். அடியில் வெள்ளை மண்டி மெல்லிய படலமாக இருப்பது வழமை. அது செத்த மதுவம். விரற்கடை உயரத்துக்கு மண்டி நின்றால் வடிகட்டல் சரியில்லை.

குளிர்சாதனப்பெட்டியின் கீழ்த்தட்டில் நிமிர்த்தி மூன்று மணி நேரம் வையுங்கள், ஒரு இரவு வைத்தால் மண்டி நன்றாகப் படியும். இதை யாரும் பொருட்படுத்துவதில்லை, பாதி முறைப்பாடு இதனால்தான் வருகிறது. 30 பாகையில் இருக்கும் கள்ளு, 8 பாகையில் இருப்பதில் ஏறக்குறைய பாதியளவு வாயுவைத்தான் தனக்குள் பிடித்துவைக்கும். சூடாகத் திறந்தால் கால் போத்தல் நுரையாக மேசையில்தான். உறைபெட்டியில் வைக்காதீர்கள், கண்ணாடி விரியும்.

திறக்கும்போது மூடியைச் சற்றே நெம்பி, சத்தம் அடங்கவிட்டு, பிறகு கழற்றுங்கள். குவளையைச் சரித்து ஊற்றி, கடைசி இரண்டு விரல் அளவைப் போத்தலிலேயே விடுங்கள். மண்டியையும் கலக்கிக் குடிக்க விரும்புவோர் உண்டு, பி உயிர்ச்சத்து அதில்தான் நிறைய. பழக்கமில்லாத வயிறு இளகும்.

முதல் மிடறில் புளிப்பைக் கவனியுங்கள். தயிர்போல் நாவின் ஓரத்தில் நிற்கும் புளிப்பு நல்ல கள்ளுக்கு உரியது. மூக்கைக் குத்தினால் அடைக்குமுன்பே அது வினாகிரியாகத் திரும்பிவிட்டது, சூடேற்றி அதை மீட்க முடியாது. தொண்டை தாண்டியும் இனிப்பு ஒட்டிக்கொண்டே இருந்தால் சீனி சேர்த்ததாகவே நான் கொள்வேன். நல்ல போத்தலில் இனிப்பு முன்னால் வந்து உடனே விலகிவிடும். கணவாய்ப் பொரியலுக்கும் சுட்ட கருவாட்டுக்கும் அது பொருந்துவதுபோல் இறக்குமதி பியர் எதுவும் பொருந்துவதில்லை.

அப்பத்துக்கு மட்டும் போத்தல் கள்ளு உதவாது. மதுவம் செத்திருப்பதால் மா பொங்காது, மணம் மட்டும் சேரும். உடன்கள்ளு கிடைக்காவிட்டால், அரைக் கிலோ அரிசிமாவுக்கு 150 மில்லிலீற்றர் போத்தல் கள்ளோடு அரைத் தேக்கரண்டி ஈஸ்ட் சேர்த்துக் குழையுங்கள். திறந்து மிஞ்சியதை நான்குக்கு ஒரு பங்கு பழைய, காய்ச்சாத வினாகிரியோடு அகன்ற வாய்ப் பரணியில் ஊற்றி, துணியால் கட்டி, நிழலில் ஒன்றரை மாதம் விடுங்கள். காற்றுப் படாமல் இறுக மூடினால் புளிக்காது. மேலே ஆடைபோல் படலம் படிந்தால் அது வினாகிரித் தாய், எறியாமல் அடுத்த பரணிக்கு எடுத்துவையுங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சுபோல் பூஞ்சணம் பூத்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.