பெரியம்மாவின் பிஸ்கட் டின்னில் இருந்த கார்ட்

14 வருடமாக டொரன்டோவில் இருக்கிறேன். அதில் 9 வருடம் ஒரு ஆஸ்பத்திரியில், உடம்புக்குள் விட்டுப் பார்க்கும் கேமராக் குழாயான எண்டோஸ்கோப்பைக் கழுவிச் சுத்தம் செய்யும் பிரிவில் வேலை. போன ஆகஸ்டில் மூன்று வாரம் லீவு போட்டு ஊருக்குப் போனேன். இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா இறந்த பிறகு எனக்கு அம்மாவாக இருக்கிற பெரியம்மாவோடு இருந்துவிட்டு வரத்தான் போனேன்.

போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. மழை. லயத்துக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறை) மஞ்சள் பல்பு எரிந்துகொண்டிருந்தது. பெரியம்மா இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "குளிர் காச்சல் புள்ள, சரியாயிரும்" என்றார். நானும் விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் வாசலில் முகம் கழுவும்போதுதான் கண்ணைப் பார்த்தேன். பழுத்த எலுமிச்சை நிறம். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் காமாலை தெரியாது. எனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் முதல் நாள் ராத்திரி அது ஞாபகத்துக்கு வரவில்லை.

தங்கச்சி (பெரியம்மாவின் மகள்) நாலு நாளாகக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருக்கிறாள். டவுனில் ஒரு டாக்டர் கேஸ்ட்ரைட்டிஸ் என்று குளிசை கொடுத்திருக்கிறார். வலது விலாவுக்குக் கீழே வலி, அதற்குச் சித்தாலேப தைலம். நான் கேட்டது மூன்றே கேள்வி. சிறுநீர் எப்படிப் போகிறது? சாயத் தண்ணி மாதிரி. மலம்? வெளுத்து, களிமண் மாதிரி. உடம்பு அரிக்கிறதா? ராத்திரி முழுக்க. இது கிருமியால் ஈரலில் வருகிற காமாலை மாதிரி இல்லை, பித்தம் இறங்கும் வழி அடைத்திருக்கிறது என்று அப்போதே பட்டது. அடைப்பால் வந்த மஞ்சளுக்கு அடைப்பை எடுக்காமல் எந்தப் பச்சிலையும் உதவாது.

"போன வருசம் இதே மாதிரி வந்துச்சு அக்கா. கல்லுன்னு சொல்லி ஆஸ்பத்திரியில வாய் வழியா கேமரா விட்டு வேலை செஞ்சாங்க. எல்லாம் முடிஞ்சிச்சுன்னு துண்டு வெட்டி அனுப்பிட்டாங்க" என்றாள் தங்கச்சி.

காகிதம் இருக்கிறதா என்று கேட்டேன். அலமாரிக்கு மேலிருந்து பிஸ்கட் டின்னை இறக்கினாள். அடையாள அட்டை, ஈ.பி.எஃப். காகிதம், பெரியப்பாவின் மரணச் சான்றிதழ், கிளினிக் கொப்பி. அதற்கெல்லாம் அடியில் நாலாக மடித்த டயக்னோசிஸ் கார்ட், ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பும்போது நோய் விவரம் எழுதித் தருவது. எல்லாம் ஆங்கிலம். பித்தக் குழாயில் பெரிய கல், முழுவதும் எடுக்க முடியவில்லை, பிளாஸ்டிக் ஸ்டென்ட் (பித்தம் இறங்க வைக்கும் சின்னக் குழாய்) வைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தது. கடைசி வரியில், 12 வாரத்தில் ஸ்டென்ட் எடுக்க வரவும். தேதியைப் பார்த்தேன். 11 மாதம் ஆகியிருந்தது.

அந்த வரியைத் தமிழில் வாசித்துக் காட்டியபோது தங்கச்சி அப்படியே நின்றாள். "உள்ள பைப் இருக்குன்னு யாருமே சொல்லலையே அக்கா."

சொல்லியும் இருக்கலாம், சிங்களத்தில். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. அன்றைக்குப் பெரியம்மாவின் உயிரைக் காப்பாற்றியவர்களும் அவர்கள்தான். ஆனாலும் ஒரு கொழுந்தெடுத்த பெண்ணின் வயிற்றுக்குள் ஒரு பொருளை வைத்து அனுப்பும்போது, அது உள்ளே இருக்கிறது என்பதை அவருடைய பாஷையில் ஒரு வரி எழுதிக் கொடுக்காதது பெரிய தவறு. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். ஈரலில் சுரக்கும் பித்தமும் கணையத்தில் சுரக்கும் நீரும் சிறுகுடலின் தொடக்கத்தில் ஒரு சின்ன முலைக்காம்பு போன்ற வாயில் வந்து சேர்கின்றன. பித்தப்பையில் உருவாகும் கல் குழாய்க்குள் இறங்கி அந்த வாயில் சிக்கினால் பித்தம் பின்னால் தேங்கும், கிருமி ஏறும். கணையத்தின் வழியையும் அடைத்தால் கணையம் வீங்கும். காய்ச்சல் நடுக்கம், வலி, மஞ்சள் மூன்றும் சேர்ந்து வந்தால் பித்தக் குழாயில் கிருமி என்பதை சார்கோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1877லேயே எழுதிவிட்டார். பெரியம்மாவுக்கு மூன்றும் இருந்தன.

அந்த வாயைப் பார்க்க நேராகப் பார்க்கும் கேமரா உதவாது. பக்கவாட்டில் பார்க்கும் ஸ்கோப் வேண்டும். அதன் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, மருந்து விட்டு எக்ஸ்ரேயில் பார்ப்பதுதான் ஈ.ஆர்.சி.பி. 1968இல் அமெரிக்காவில் முதன்முதலாகச் செய்தார்கள். 1974இல் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் அந்த வாயை மின்கம்பியால் சிறிதாக வெட்டிக் கல்லை எடுக்கத் தொடங்கினார்கள். அதுவரை குழாய்க் கல்லுக்கு வயிற்றைக் கிழிப்பதுதான் வழி. கல் பெரிதாக இருந்து அன்றைக்கே வராவிட்டால், பித்தம் இறங்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைப்பார்கள். பெரும்பாலும் 10 பிரெஞ்ச் அளவு, அதாவது மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அவ்வளவு ஒடுக்கமான குழாயில் சில மாதத்திலேயே கிருமிப் படலமும் சேறும் படிந்து அடைத்துக்கொள்ளும். அதனால்தான் 3 முதல் 6 மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும் என்று ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் இருக்கிறது. அந்த நாள் தாண்டினால், காப்பாற்ற வைத்த குழாயே வழியை அடைக்கும்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். 1990 என்ற இலவச அம்புலன்ஸ் எண்ணுக்குப் போன் போட்டோம். சிக்னல் பிடிக்கத் தங்கச்சி மகன் கோயில் மேட்டுக்கு ஓட வேண்டியிருந்தது. அம்புலன்ஸ் பெக்டரிச் சந்தி வரைக்கும்தான் வந்தது, அதற்கு மேல் பாதை இல்லை. பக்கத்து லயத்துப் பையன்கள் நாலு பேர் பெரியம்மாவை நாற்காலியில் வைத்து மழையில் இறக்கினார்கள். அம்புலன்ஸில் இருந்த தம்பி தமிழில் பேசினார், இரத்த அழுத்தம் பார்த்தார், ஊசி வழியாகச் சேலைன் ஏற்றினார். ஒரு சதம் வாங்கவில்லை. இந்தச் சேவையை நான் ஊரில் இருந்த காலத்தில் கண்டதில்லை. அப்போதெல்லாம் தோட்டத்து லொறிதான்.

முதலில் டிக்கோயா ஆஸ்பத்திரி. இந்திய உதவியில் 150 கட்டிலோடு கட்டி 2017இல் திறந்தது. மணிக்கணக்கில் காக்க வைக்காமல் இரத்தம் எடுத்தார்கள், அன்டிபயோட்டிக் தொடங்கினார்கள், ஸ்கேன் செய்தார்கள். 6 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய பித்தக் குழாய் 15க்கு விரிந்திருந்தது. நான் அந்தக் கார்டைக் காட்டியதும் இளம் டாக்டர் ஒருவர் கடைசி வரியை இரண்டு தரம் வாசித்துவிட்டு உடனே போனை எடுத்தார். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று அந்த வளைவுகளில் பெரியம்மா என் கையைப் பிடித்தபடியே வந்தார்.

மறுநாள் ஈ.ஆர்.சி.பி. பழைய ஸ்டென்டை வெளியே எடுத்தபோது டாக்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு கிண்ணத்தில் காட்டினார். வைக்கும்போது நீலமாக இருந்திருக்க வேண்டும். இப்போது கறுத்து, வாய் இரண்டும் அடைத்து, ஊறிய தேயிலைத் தூள் போன்ற சேறு ஒட்டிக் கிடந்தது. கல் மட்டும் ஸ்டென்டோடு உரசி உரசிக் கொஞ்சம் சிறுத்திருந்ததாம். பித்தக் குழாயின் வாயை அகலப்படுத்தி, கல்லை உடைத்து, பலூனால் வழித்து எடுத்துவிட்டார்கள். நான் கேட்ட முதல் கேள்வி, புதிதாக ஸ்டென்ட் வைத்தீர்களா டாக்டர் என்பதுதான். "இல்லை, குழாய் சுத்தம்" என்றார்.

வேலைப் பழக்கத்தில் ஸ்கோப் கழுவும் இடத்தை எட்டிப் பார்த்தேன். இந்த ஸ்கோப்பின் நுனியில், உள்ளே விடும் கம்பியைத் தூக்கிக் கொடுக்க ஒரு குட்டி நெம்புகோல் உண்டு. அதன் பின்பக்கம் அழுக்கு ஒளியும். 2014-15இல் லாஸ் ஏஞ்சலிஸில் மருந்துக்கு மசியாத கிருமி நோயாளிகளுக்குத் தொற்றியது இந்த இடுக்கின் வழியாகத்தான். இங்கே கழுவிக்கொண்டிருந்த மிஸ் (நர்ஸ்) நெம்புகோலை உயர்த்தி பிரஷ் போட்டு, இறக்கி மறுபடி பிரஷ் போட்டு, திரும்ப உயர்த்தினார். நான் நின்றது அவருக்குத் தெரியாது. எங்கள் பிரிவில் எனக்குச் சொல்லித் தந்ததும் இதேதான். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஈ.ஆர்.சி.பி. செய்த பிறகு சிலருக்குக் கணையம் வீங்கும். அதைக் குறைக்க ஆசனவாயில் வைக்கும் இண்டோமெதசின் மருந்தை இங்கேயும் வைத்தார்கள். 2012இல் வெளியான ஓர் ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள 602 பேரில் அந்த மருந்து வைத்தவர்களுக்கு 9.2 சதவீதமும் வைக்காதவர்களுக்கு 16.9 சதவீதமும் கணைய வீக்கம் வந்தது. மலிவான மருந்து. பெரியம்மாவுக்கு வீக்கம் எதுவும் வரவில்லை. மூன்றாம் நாள் கண் வெளுக்கத் தொடங்கியது, நாலாம் நாள் தேத்தண்ணி கேட்டார்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது நான் மிஸ்ஸிடம் கேட்டு, கார்டின் பின்பக்கத்தில் தமிழில் எழுதி வாங்கினேன். "உள்ளே குழாய் இல்லை. பித்தப்பை எடுக்க வர வேண்டும்." கீழே தேதி. பித்தப்பை இருக்கும்வரை கல் திரும்பவும் இறங்கலாம். மிஸ் சலித்துக்கொள்ளவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த, மஸ்கெலியா ஊர்க்காரரான ஓர் அண்ணனின் மனைவி அதைப் பார்த்துவிட்டுத் தன் கார்டையும் நீட்டினார். அவர் கணவருக்குக் கணையக் குழாயில் ஸ்டென்ட். அதையும் மிஸ் எழுதிக் கொடுத்தார்.

ஊரில் உறவினர் யாருக்காவது மஞ்சளுக்கோ பித்தக் கல்லுக்கோ வாய் வழியாக வேலை செய்திருந்தால், அந்தக் கார்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஸ்டென்ட் என்ற சொல் இருக்கிறதா, எடுக்க வேண்டிய தேதி என்ன என்று பாருங்கள். கூடப் போகிறவருக்கு அன்றைக்கு ஒரு பேர் (ஒரு நாள் வேலைக் கணக்கு) போகும், சம்பளம் குறையும். அதற்காகத்தான் எத்தனையோ கிளினிக் தேதிகள் தவறிப் போகின்றன. அந்தக் காசை நாம் அனுப்பலாம்.

தங்கச்சி கலண்டரில் ஒக்டோபர் பக்கத்தைப் புரட்டி, பித்தப்பைத் தேதியைச் சிவப்புப் பேனையால் இரண்டு தரம் வட்டம் போட்டாள். அன்றைக்குப் போய் வரும் வான் கூலியை அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் புறப்பட்டேன்.