ஃபிளைட்ரேடார்24: ஒரு விமானியின் மதிப்புரை

விமானங்களைத் தொடரும் செயலியைப் பற்றி விமானி ஒருவர் எழுதினால் குறை சொல்லத்தான் எழுதுவார் என்று நினைக்கலாம். நான் ஏர்பஸ் ஏ320 பயணிகள் விமானம் ஓட்டுகிறேன், என் போனில் ஃபிளைட்ரேடார்24 எப்போதும் இருக்கும். ஹோட்டலிலிருந்து கிளம்பும் முன் நான் ஏற வேண்டிய விமானம் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பார்க்க இதைவிடச் சுருக்கமான வழி தெரியவில்லை. விமான நிலையப் பலகையில் ‘குறித்த நேரம்’ என்று போட்டிருக்கும். அந்த விமானமோ இன்னும் ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஆகாயத்தில் இருக்கும். அது வந்து, ஆட்கள் இறங்கி, எரிபொருள் நிரப்பி, மறுபடி ஏற்றிக் கிளம்ப குறைந்தது அரை மணி நேரமாவது வேண்டும். பயணிகளும் இதைப் பழகிக்கொள்ளலாம். தாமதம் அறிவிக்கப்படும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

விமானம் எங்கே இருக்கிறது என்று சொல்வதில் இந்தச் செயலி கெட்டி. ஏன் அப்படிப் போகிறது என்பது இதன் வேலை அல்ல. வீட்டில் உள்ளவர்களின் பயமெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. என் அக்கா மகன் இதில் என்னைத் தொடர்வான். நான் இறங்கிப் போனை ஆன் செய்ததும் கேள்விகள் வரிசையாக நிற்கும்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். தரையில் உள்ள ரேடார்தான் விமானங்களைத் தேடிப் பிடிக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் விமானமே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போகிறது. எங்கள் டிரான்ஸ்பாண்டர், அதாவது விமானத்திலிருந்து தகவல் அனுப்பும் கருவி, ஜிபிஎஸ்ஸில் கிடைத்த இடத்தையும் வேகத்தையும், கூடவே உயரத்தையும் 1090 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு நொடி ஒலிபரப்புகிறது. இதற்கு ஏடிஎஸ்-பி என்று பெயர். அதில் ரகசியம் எதுவும் இல்லை, சின்ன ஆன்டெனா வைத்திருக்கும் யாரும் கேட்கலாம். 2006இல் ஸ்வீடனில் விமானப் பித்துப் பிடித்த இரண்டு பேர் தொடங்கிய வேலை இது. உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் வீட்டு மாடிகளில் ஆன்டெனா வைத்துத் தகவல் அனுப்புகிறார்கள். 2022 செப்டம்பரில் எலிசபெத் ராணியின் உடலை எடின்பரோவிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோன விமானத்தை ஏறக்குறைய 50 லட்சம் பேர் இதில் பார்த்தார்கள்.

அடுத்து, அது காட்டும் எண்கள். “மாமா, இன்னைக்கு மணிக்கு ஆயிரத்துப் பதினெட்டு கிலோமீட்டர்ல போனீங்களே, அவ்வளவு அவசரமா?” என்று ஒருநாள் கேட்டான். அவசரம் ஒன்றுமில்லை. செயலி காட்டுவது தரையைக் கணக்கில் கொண்ட வேகம். 37,000 அடியில் நாங்கள் ஒலி வேகத்தின் 78 சதவீதத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறோம், அது மணிக்கு 830 கிலோமீட்டர் அளவில் வரும். பின்னாலிருந்து ஜெட் ஸ்ட்ரீம் என்ற உயர்வானத்து வேகக் காற்று 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்) வேகத்தில் தள்ளினால் இன்னொரு 185 சேர்ந்துகொள்ளும். ஆற்றோட்டத்தோடு படகு வலிப்பது மாதிரி. திரும்பி வரும்போது அதே காற்று எதிரே நின்றால் செயலியில் 645 என்று காட்டும், அன்றைக்கு நான் சோம்பேறி ஆகிவிட்டேன் என்று அர்த்தமில்லை. இதில் வேடிக்கை, அதே நேரத்தில் காக்பிட்டில் என் கண் முன்னால் இருக்கும் வேகமானி 250 நாட் சுமாருக்குத்தான் நிற்கும். மேலே காற்று மெலிந்துவிடுவதால் இறக்கைக்கு ‘உணரும்’ வேகம் அவ்வளவுதான். விமானம் விழாமல் நிற்பது அந்த எண்ணை நம்பித்தான், ஆனால் அதைச் செயலியில் பெரும்பாலும் பார்க்க முடியாது.

உயரத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. டிரான்ஸ்பாண்டர் அனுப்புவது 1013 ஹெக்டோபாஸ்கல் என்ற பொது அழுத்தத்தை வைத்துக் கணக்கிட்ட உயரம். மேலே எல்லா விமானமும் அதே அளவுகோலில் பறப்பதால் சிக்கல் இல்லை. இறங்கும்போது நாங்கள் உயரமானியில் அந்த ஊரின் உண்மையான அழுத்தத்தைத் திருகி வைப்போம், செயலிக்கு அது போகாது. அன்றைய அழுத்தம் 1030 என்றால் நான் கடல் மட்டத்திலிருந்து 1,000 அடியில் இருக்கும்போது செயலி 550 அடி என்று காட்டும். ‘ரொம்பத் தாழ்வாக வந்தது’ என்று படம் பிடித்துப் போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

“பாதி தூரம் இருக்கும்போதே ஏன் இறங்க ஆரம்பிச்சீங்க?” என்பது இன்னொரு கேள்வி. உயரத்தை ஆயிரத்தில் எடுத்து மூன்றால் பெருக்கினால் எத்தனை கடல் மைலுக்கு முன்னால் இறங்கத் தொடங்க வேண்டும் என்று தெரியும். 37,000 அடி என்றால் 111 கடல் மைல், சுமார் 205 கிலோமீட்டர். குறுகிய பயணத்தில் அது பாதி வழி மாதிரிதான் தெரியும். அந்தத் தூரத்தின் பெரும்பகுதியை எஞ்சின் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த விசையில், கிட்டத்தட்ட வழுக்கிக்கொண்டே வருவோம்.

சரி, வட்டங்களுக்கு வருவோம். அக்காவுக்கு அதிகம் வயிற்றைக் கலக்குவது இதுதான்: விமானம் ஊருக்குப் பக்கத்தில் வந்துவிட்டு நீள்வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். இது ஹோல்டிங். ஓடுபாதைக்கு வரிசை நீளமாக இருக்கும், அல்லது மழை ஓயட்டும் என்று காத்திருப்போம். வழக்கமான சுற்று வலப்பக்கம் திரும்பும். 14,000 அடி வரை நேர்க்கோட்டில் ஒரு நிமிடம், அதற்கு மேலே ஒன்றரை நிமிடம். ஒரு முழுச் சுற்றுக்கு நான்கு ஐந்து நிமிடம் ஆகும். வரைபடத்தில் நான்கு விமானங்கள் ஒன்றின் மேல் ஒன்று சுற்றுவது போலத் தெரிந்தால், அவை ஆயிரம் ஆயிரம் அடி இடைவெளியில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. கீழே உள்ளது இறங்கினால் மற்றவை ஒரு படி கீழே வரும்.

அப்போது உள்ளே நாங்கள் என்ன செய்கிறோம்? ஏர்பஸ்ஸின் வேகத் திரையில் பச்சைப் புள்ளி ஒன்று உண்டு, கிரீன் டாட் என்போம். அந்த வேகத்துக்குக் குறைத்து எரிபொருளை மிச்சம் பிடிப்போம். துணை விமானியும் நானும் எத்தனை நிமிடம் இப்படி நிற்கலாம் என்று கணக்குப் போடுவோம். பயண எரிபொருள், பொதுவாக அதில் 5 சதவீதம் கூடுதல், மாற்று விமான நிலையத்துக்குப் போக வேண்டியது, அதற்கும் மேல் 1,500 அடியில் 30 நிமிடம் பறக்க வேண்டியது, இவ்வளவும் கிளம்பும்போதே தொட்டியில் இருக்கும். அந்தக் கடைசி 30 நிமிடத்தைத் தொட வேண்டியிருக்கும் என்று கணக்கு காட்டினாலே ‘மேடே ஃபியூயல்’ என்று அறிவிக்க வேண்டும் என்பது விதி. அந்த நிலை வரும் வரை யாரும் சுற்றிக்கொண்டிருக்க மாட்டோம். எப்போது கிளம்பி வேறு ஊருக்குப் போவது என்பதை முதல் சுற்றிலேயே பேசி முடிவு செய்துவிடுவோம்.

கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏறுவது பற்றியும் சொல்ல வேண்டும். ஓடுபாதைக்குச் சற்று முன்னால், இறங்கிக்கொண்டிருந்த உயரம் சட்டென்று மேலே ஏறும். பார்ப்பவர்கள் ‘நூலிழையில் தப்பியது’ என்று எழுதுவார்கள். மேகமிருந்தால் 1,000 அடியில், தெளிவான வானமென்றால் 500 அடியில், வேகம், இறங்கும் வீதம், சக்கரம், இறக்கையில் விரியும் ஃபிளாப் எல்லாம் சரியாக இருந்தாக வேண்டும். ஒன்று பிசகினாலும் மேலே போய் மறுபடி வரவேண்டும். எதையும் நிரூபிக்கத் தேவையில்லை, யாரும் திட்டமாட்டார்கள். கோ-அரவுண்ட் செய்யும் விமானியைக் கண்டு எனக்குப் பயமில்லை. செய்யத் தயங்குகிறவரோடு பறக்கத்தான் யோசிப்பேன்.

எதிரெதிரே வரும் இரண்டு விமானங்கள் வரைபடத்தில் ஒட்டிக்கொண்டால் கவலை வேண்டாம், அவற்றுக்கு நடுவில் 1,000 அடி இருக்கும்.

கடலுக்கு நடுவே தரை ஆன்டெனா கிடையாது. அங்கே செயற்கைக்கோள் வழி கிடைத்தால் நீல நிற விமானம் தெரியும். கிடைக்காத இடத்தில் செயலி ஊகித்து நகர்த்தும், அல்லது விமானம் திரையிலிருந்தே போய்விடும். அதற்கு மேல் அதில் அர்த்தம் தேடாதீர்கள். போர் நடக்கும் பகுதிகளுக்குப் பக்கத்தில் ஜிபிஎஸ்ஸை யாராவது குழப்பினால், விமானம் கிறுக்குத்தனமாகத் தாவுவது போலக் காட்டும். உள்ளே எங்களுக்கு ஜிபிஎஸ்ஸை நம்பாத ஐஆர்எஸ் என்ற வழிகாட்டி இருக்கிறது. அது வளையமாக ஓடும் லேசர் கதிர்களையும் முடுக்கமானிகளையும் கொண்டு நகர்வை அளந்தபடி இருக்கும்.

இலவசப் பதிப்பே பெரும்பாலோருக்குப் போதும். கேமராவை வானத்தை நோக்கிக் காட்டினால் மேலே போகும் விமானத்தின் பெயரைச் சொல்லும் வசதி குழந்தைகளுக்குப் பிடிக்கும். முப்பரிமாணக் காட்சி அழகுதான், ஆனால் அதில் காணும் மேகம் நான் காணும் மேகம் அல்ல. வானிலை அடுக்கு வேண்டுமென்றால் சந்தா கட்டலாம். பணம் கட்ட மனமில்லாமல் மாடியில் இடமிருந்தால், ஆன்டெனா வைத்துத் தகவல் அனுப்புங்கள், உயர்நிலைச் சந்தாவையே இலவசமாகத் தருகிறார்கள்.

ஒரு அமைப்பை மட்டும் அணைத்து வைக்கச் சொல்வேன்: 7700 எச்சரிக்கை. டிரான்ஸ்பாண்டரில் 7700 போட்டால் பொது அவசரநிலை, 7600 ரேடியோ பழுது, 7500 கடத்தல். 7700 போட்ட விமானம் சிவப்பாகி உலகமெங்கும் போன்கள் கூவும். உள்ளே யாருக்காவது நெஞ்சு வலி வந்து சீக்கிரம் இறங்க முன்னுரிமை கேட்டிருப்பார்கள். எஞ்சின் விஷயம் என்றாலும், அந்த நேரத்தில் இரண்டு பேர் சரிபார்ப்புப் பட்டியலை வரிவரியாகப் படித்துக்கொண்டிருப்பார்கள், நீங்கள் பார்ப்பது ஒரு சிவப்புப் பொம்மையை. அக்காவின் போனில் நானே அதை அணைத்துவிட்டேன். அவள் மகன் மறுபடி ஆன் செய்துவைத்திருக்கிறான் என்று கேள்வி.