வன்னியில் வீட்டு இணையம்: பல வருசப் பாவனைக்குப் பிறகு எழுதுவது

இலங்கையின் வடக்கே, பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவில் இறங்கி உள்ளே போனால் எங்கள் ஊர். 2018 இல் வீட்டுக்கு ஒரு 4ஜி ரவுட்டர் எடுத்தேன். அதை நம்பியே வீட்டு முன்பக்கத்தில் ஒரு சின்னக் கொம்யூனிகேஷனும் போட்டேன்: போட்டோக்கொப்பி, பிரிண்ட், ரீலோட், போர்ம் நிரப்பிக் கொடுப்பது. யார் எதற்காக இணையத்தைத் தேடி வருகிறார்கள், அதனால் அவர்கள் கையில் காசு மிஞ்சுகிறதா என்பதை மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தே பார்த்து வந்திருக்கிறேன். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்கள் சிலர், ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும், நல்ல இணையம் வந்தால் சனம் எழும்பிவிடும்தானே என்று அடிக்கடி கேட்கிறார்கள். இந்தப் பதிவு அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் சாமானைப் பற்றி. டவர் எங்களுக்குச் சில கிலோமீற்றர் தள்ளி, நடுவில் தேக்கங்காடு. தகரக் கூரைக்குக் கீழே ரவுட்டரை வைத்தால் ஒரு கோடு சிக்னல், மழை பெய்தால் அதுவும் இல்லை. வெளி அன்ரனா ஒன்றை வாங்கி ஜீஐ பைப்பில் ஏற்றிக் கூரைக்கு மேலே, டவர் பக்கம் பார்க்கக் கட்டிய பிறகுதான் பாவிக்கக்கூடிய நிலைக்கு வந்தது. பகலில் 10, 12 எம்பிபிஎஸ் வேகம் வரும். பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு ஒன்று, இரண்டுக்கு விழும். சிக்னல் முழுசாகக் காட்டும், ஆனால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஏனென்றால் அந்த ஒரு டவரைச் சுற்றியுள்ள அத்தனை வீடும் ஒரே கொள்ளளவைப் பங்குபோடுகிறது, எல்லாரும் வேலை முடிந்து வந்து உட்காருகிற நேரமும் ஒன்றுதான். இதற்கு அன்ரனா மாற்றிப் பிரயோசனமில்லை, கம்பனிதான் டவரில் கொள்ளளவைக் கூட்ட வேண்டும்.

பக்கேஜ் வாங்கும்போது இரவு டேட்டாவைக் கழித்துவிட்டுப் பாருங்கள். பெரிய எண்ணில் இத்தனை ஜீபி என்று போட்டிருப்பார்கள், அதில் பாதிக்கு மேல் நடுச்சாமத்துக்குப் பிறகு பாவிக்க வேண்டியதாக இருக்கும். விடிய ஐந்து மணிக்கு வயலுக்குப் போகிற ஊரில் அந்த நேரத்தில் யார் விழித்திருந்து எதைப் பார்க்கிறது? அப்புறம் மின்னல். சித்திரையிலும் ஐப்பசியிலும் இங்கே விழுகிற இடிக்கு என் முதல் ரவுட்டர் கருகிப்போனது. உத்தரவாதக் காலம் முடியவில்லை, ஆனால் மின்னலுக்குப் பொறுப்பில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இருட்டிக்கொண்டு வந்தால் பிளக்கையும் அன்ரனா வயரையும் கழற்றுவதுதான் ஒரே வழி. குரங்கு பைப்பில் ஏறி அன்ரனாவைத் திருப்பிவிடுவதற்கு மட்டும் இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது மினி யூபிஎஸ் ஒன்று வாங்கி ரவுட்டரை உயிரோடு வைத்தேன். ஆனால் டவரின் பற்றரி தீர்ந்துவிட்டது, ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை, ஆகவே எரிகிற ரவுட்டரும் இல்லாத இணையமும் என்று கன நாள் போனது.

சரி, காசுக் கதைக்கு வருவோம். உலக வங்கியில் இருந்து 2009 இல் வந்த ஒரு கணக்கு இன்னமும் எல்லா இடமும் சுற்றுகிறது: வளரும் நாடுகளில் அகன்ற அலைவரிசை (புரோட்பாண்ட்) இணைப்பு நூற்றுக்குப் பத்தால் கூடினால் பொருளாதார வளர்ச்சி 1.38 சதவீதப் புள்ளி கூடும் என்று. அது நாடுகளை நாடுகளோடு ஒப்பிட்டு எடுத்த சராசரி. அதே 2009 இல் வன்னியில் போர் முடிந்து சனம் முகாமுக்குள் இருந்தது. வீடு, கிணறு, மாடு, உழவு மெசின் எல்லாம் போய், வெறுங்கையோடு மீளக்குடியேறிய இடத்துக்கு அந்த எண்ணை அப்படியே கொண்டுவந்து பொருத்த முடியாது.

நான் பார்த்த அளவில், இணையம் எங்கள் ஊருக்குச் சம்பாதித்துக் கொடுத்தது கொஞ்சம், மிச்சப்படுத்திக் கொடுத்தது நிறைய. மிச்சம் என்று சொல்வது பெரும்பாலும் பயணம். கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ ஒரு அலுவலுக்குப் போவதென்றால் பஸ் காசை விட, ஒரு நாள் கூலி போகிறது, அதுதான் கணக்கு. போன இடத்தில் ஐயா லீவு, நாளைக்கு வாங்கோ என்றால் இரண்டு நாள். 2022 ஆடியில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்க கியூஆர் குறியீடு கொண்டுவந்தபோது என் கடை வாசலில் நின்ற கூட்டத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. போன் இல்லாத கிழவர்கூட வாகனப் புத்தகத்தைக் கொண்டுவந்து பதிந்து, கியூஆரைப் பிரிண்ட் எடுத்து லமினேற் பண்ணிக்கொண்டு போனார். 2023 இல் அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப்பணத் திட்டம் வந்தது, அதில் பெயர் வந்ததா, மேன்முறையீடு எப்படி என்று பார்க்க வந்தவர்கள் அதிகம் பெண்கள், அதிலும் தனியாகக் குடும்பம் நடத்துகிறவர்கள். அதே வருசம் கடவுச்சீட்டுக்கு ஒன்லைனில் விண்ணப்பித்து, தெரிவுசெய்த பிரதேச செயலகங்களில் கைரேகை கொடுக்கலாம் என்றானது. முன்பென்றால் கொழும்புக்கு இரவு பஸ், இல்லாவிட்டால் வவுனியாவில் விடிய முதல் வரிசை. பரீட்சை முடிவு, பொலிஸ் அறிக்கை விண்ணப்பம், யாழ்ப்பாணத்தில் டொக்டருக்கு நம்பர் போடுவது எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். பயிருக்கு நோய் வந்தால் 1920 க்கு அடித்து விவசாயத் திணைக்களத்தோடு கதைக்கலாம், அதற்கு இணையமே தேவையில்லை, ஆனால் இலையைப் படம் எடுத்து விவசாயப் போதனாசிரியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகு கதைப்பது வேறு மாதிரி. முன்பு மருந்துக் கடைக்காரர் சொன்னதுதான் வைத்தியம், அவர் விற்காமல் மிஞ்சிய போத்தலைத்தான் சொல்வார்.

இந்த மிச்சம் எந்தப் புள்ளிவிவரத்திலும் வருமானம் என்று வராது. ஆனால் கூலிக்குப் போகிற வீட்டில் மாதம் இரண்டு நாள் வேலை தப்பினால் அது பெரிய காசு.

சம்பாத்தியத்துக்கு வந்தால்தான் சிக்கல். விலை தெரிந்தால் விவசாயி ஏமாற மாட்டான், நல்ல விலைக்கு விற்பான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இதற்கு உதாரணமாகக் கேரளாவைக் காட்டுவார்கள். றொபேட் ஜென்சன் என்ற பொருளியலாளர் அங்கே சாளை மீன் பிடிக்கிறவர்களைப் பார்த்து 2007 இல் எழுதினார்: 1997 இல் இருந்து 2001 வரைக்குள் கரையோரமாகக் கைபேசி வர, கடலில் நின்றே எந்தத் துறையில் விலை என்று கேட்டு அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள், மீன் வீணாவது நின்றது, மீனவர் இலாபம் சராசரியாக 8 வீதம் கூடியது, வாங்குகிறவர்களுக்கும் விலை 4 வீதம் குறைந்தது. அருமையான ஆய்வு, சந்தேகமில்லை. (அது வெறும் கோல் எடுக்கிற போன், அகன்ற அலைவரிசையும் இல்லை, ஒன்றும் இல்லை.) ஆனால் அங்கே விலையைக் கேட்டவன் படகைத் திருப்பினான். எங்களிடம் திருப்புவதற்கு என்ன இருக்கிறது?

2025 மாசியில் அரசாங்கம் நெல்லுக்கு உத்தரவாத விலை அறிவித்தது. நாட்டரிசி நெல் கிலோ 120 ரூபா, சம்பா 125, கீரிச் சம்பா 132. அறிவித்த அன்றே ஊரில் எல்லாருடைய போனிலும் அந்த விலை இருந்தது. ஆனால் நெல் சந்தைப்படுத்தும் சபை அந்த விலைக்கு எடுப்பது காய்ந்த நெல்லை, ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேலே போகக்கூடாது. வெட்டு மெசின் வயலில் கொட்டுவது பச்சை நெல். காயவிடத் தளம் இல்லை, ஆகவே றோட்டில் பரப்ப வேண்டும், மாசியில் மழை எப்ப வரும் என்று தெரியாது, அடுக்கி வைக்க ஸ்ரோர் இல்லை, வெட்டுக் கூலியை மெசின்காரர் அன்றைக்கே கேட்கிறார், விதைப்புக்கு வாங்கிய உரக்காசும் நகை அடகும் காத்திருக்கிறது. வயல் வரம்பிலேயே லொறி நிற்கிறது. பக்கத்து வளவு ஐயா ஒருவர் போனைத் திருப்பி என் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, விலை தெரிஞ்சு என்ன செய்ய, நெல்லுக் கிடக்க இடம் வேணுமே." அவர் அறிவித்த விலைக்குக் கீழேதான் கொடுத்தார், விலை தெரிந்தேதான் கொடுத்தார்.

கடற்கரைப் பக்கமும் இதுதான். முல்லைத்தீவில் வலைக்கும் எஞ்சினுக்கும் முன்காசு கொடுத்த சம்மாட்டி ஒருவர் இருந்தால் மீன் அவரிடம்தான் போகும், கொழும்பில் என்ன விலை என்று வாட்ஸ்அப்பில் வந்தாலும். கச்சானில் (நிலக்கடலையில்) மட்டும் கொஞ்சம் வித்தியாசம் பார்த்தேன். அது காய்ந்து மூட்டையில் கிடக்கும், அவசரமில்லை. ஆகவே இரண்டு மூன்று வியாபாரிக்குப் படம் அனுப்பி, விலை கேட்டு, ஒரு கிழமை பொறுத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள், பொறுத்ததற்குப் பலனும் கிடைக்கிறது. பொறுக்க முடிந்தவனுக்குத்தான் விலைத் தகவல் பிரயோசனம்.

உண்மையாகவே இணையத்தால் சம்பாதிக்கிறவர் என்று கேட்டால் என் மச்சாளைச் சொல்வேன். கலியாண பிளவுசுக்கு ஆரி வேலை செய்கிறார். முன்பு ஊர்க் கலியாணம் நடந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. இப்போது செய்ததைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்ரேற்றசிலும் பேஸ்புக்கிலும் போடுகிறார், யாழ்ப்பாணத்தில் இருந்தும் வவுனியாவில் இருந்தும் ஓடர் வருகிறது, வெளிநாட்டில் இருந்து கலியாணத்துக்கு வருகிறவர்கள் அளவை அனுப்பி முன்கூட்டியே செய்விக்கிறார்கள். பாசல் பஸ்ஸில் போகிறது, கொண்டக்ரரிடம் கொடுத்து நம்பரைச் சொன்னால் மற்றப் பக்கத்தில் எடுத்துக்கொள்வார்கள். மாதம் கார்மென்டில் கிடைப்பதை விடக் கூட வருகிறது, இரண்டு பெண்பிள்ளைகளைச் சம்பளத்துக்கும் வைத்திருக்கிறார். ஆனால் கவனித்துப் பாருங்கள்: தொழில் அவரிடம் முதலே இருந்தது, மெசினும் இருந்தது, சாமான் பாரமில்லை, பழுதாகாது, யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் போகிற ஏ9 வீதியில் பஸ் ஓடுகிறது. இத்தனையும் இருந்த இடத்தில் இணையம் வந்து சேர்ந்தது. அவரைப் பார்த்துத் தொடங்கி, படம் மட்டும் நன்றாகப் போட்டு, வேலை சரியில்லாமல் நிறுத்தியவர்களும் உண்டு.

காசு வெளியே போகிற வழியும் இதே வயரில்தான் இருக்கிறது, அதைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. ஒன்லைனில் வாங்குகிற சட்டை, செருப்பு, போன் கவர் எல்லாம் கொழும்பில் இருந்து கூரியரில் வருகிறது, சந்தியில் இருந்த புடவைக்கடையில் பாதி இப்போது வெறுமை. டேட்டாக் காசு மாதாமாதம் ஊரை விட்டுப் போகிறது. 2022 புரட்டாதியில் கட்டணம் கூடியது, 2024 தையில் வற் வரி 18 வீதமானதும் இன்னும் கூடியது. போட்ட காசு இரட்டிப்பாகும் என்கிற அப்புகள் வேறு. நுண்கடன் கட்டி முடித்து மூச்சு விட்ட சிலர் இதில் போய் விழுந்ததைக் கண்டேன். காசு ஏற்றித் தரச் சொல்லி என்னிடம் வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன், அவர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள்.

பிள்ளைகள் பாடு தனிக்கதை. 2020, 2021 இல் பள்ளிக்கூடம் பூட்டியிருந்த காலத்தில் எங்கள் மாமரத்துக்குக் கீழே என் வைபையில் சூம் பார்த்த பிள்ளைகளில் ஒருவன் யூரியூப்பைப் பார்த்தே வீடியோ எடிற்றிங் படித்தான். இப்போது கலியாண வீடியோ வேலை ஒன்லைனில் எடுத்துச் செய்கிறான், கனடாவில் இருந்துகூட வேலை வருகிறது. ஆனால் முடித்த வீடியோவை அனுப்ப எங்கள் ஊர் அப்லோட் வேகத்தில் விடியவிடியக் காத்திருக்க வேண்டும். கடைசியில் கிளிநொச்சி டவுனில் பைபர் (கண்ணாடி இழை வயரில் வருகிற வேகமான இணையம்) உள்ள இடத்தில் அறை எடுத்துப் போய்விட்டான். குடும்பத்துக்குக் காசு வருகிறது, நல்ல விசயம். ஊருக்கு ஒரு பெடியன் குறைந்தான். இதை முன்னேற்றத்தில் சேர்ப்பதா இல்லையா என்று என்னைக் கேட்டால், சேர்க்கத்தான் வேண்டும், ஆனால் பைபர் எங்கள் சந்தி வரைக்கும் வந்திருந்தால் அவன் இங்கேயே இருந்திருப்பான். டவுனையும் ஊரையும் பிரிக்கிறது இந்த அப்லோட்தான், அதனால் ஊருக்கு இணையம் இருக்கிறதா என்று கேட்கிறவர்கள் அப்லோட் எவ்வளவு என்றும் கேட்க வேண்டும்.

2025 ஆடியில் ஸ்டார்லிங்க் என்ற செய்மதி இணையம் இலங்கைக்கு வந்த பிறகு, அதை வாங்கட்டா என்று பலர் கேட்கிறார்கள். டவர் தேவையில்லை, காட்டுக்குள்ளும் வேலை செய்யும், அது சரி. வந்த புதிதில் உபகரணத்துக்கே ஒரு லட்சத்துக்கு மேலே, மாதக் கட்டணமும் 10,000 ரூபாவைத் தாண்டியது. ஒரு வீடு தனியாக எடுக்கிற சாமான் இல்லை. சங்கமோ பள்ளிக்கூடமோ எடுத்துப் பலர் பாவிக்கலாம் என்றால் யோசிக்கலாம்.

இணையத்துக்குக் காசு அனுப்ப நினைக்கிற சொந்தக்காரர்களுக்கு நான் சொல்வது: அந்தக் காசில் முதலில் நெல் காயவிட ஒரு சீமெந்துத் தளமும் கூரை போட்ட ஒரு ஸ்ரோரும் கட்டித் தாருங்கள், கமக்கார அமைப்பின் பெயரில். அதற்குப் பிறகு போனில் வருகிற விலைக்கு ஒரு அர்த்தம் வரும். வீட்டுக்கு எடுக்க நினைக்கிற ஊர்க்காரர்களுக்கு: முதலில் சிம்மை ஒரு போனில் போட்டு, பின்னேரம் எட்டு மணிக்கு வேகம் எப்படி என்று நாலு நாள் பாருங்கள், கடைக்காரர் பகலில் காட்டுகிற வேகத்தை நம்ப வேண்டாம். ரவுட்டருக்கு முன்னால் அன்ரனாவுக்குக் காசை ஒதுக்குங்கள், பகல் டேட்டாவை மட்டும் பார்த்து பக்கேஜைத் தெரிவுசெய்யுங்கள். ஐந்தில் எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் பயணம் மிச்சமாவதற்கு நாலு, சம்பாத்தியத்துக்கு ஒன்றரை. அந்த அரை என் மச்சாளுக்கு.