நிலக்கரிக்கு வரியா, மாடிக்கு மானியமா, மாலைக்கு பேட்டரியா?

எண்ணூரில் கொடியில் காயும் வெள்ளைச் சட்டையை உதறாமல் மடிக்க முடியாது. நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையத்திலிருந்து வந்து படியும் அந்தச் சாம்பலுக்கு கரண்ட் பில்லில் ஒரு பைசாகூட இருக்காது. அதற்கு யார், எப்படிக் காசு கொடுப்பது என்பதில்தான் மூன்று கட்சி.

முதல் கட்சி, வரி. டன் நிலக்கரிக்கு 2010-ல் 50 ரூபாய் போட்டார்கள், 2016-ல் 400 ஆக்கினார்கள். பெரிய தொகையாகத் தெரியும். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி எரிகிறது என்ற பொறியாளர் கணக்கைப் பக்கத்தில் வைத்தால், அது யூனிட்டுக்கு 28 காசு. அதுவும் வீட்டுக்கு நேராக வந்து உறைக்காது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்றிருக்கும் ஊரில் 28 காசுக்காக யார் ஃபேனை நிறுத்துவார்கள்?

அதற்காக வரி வீண் என்று சொல்ல மாட்டேன். அனல்மின் நிலையத்தில் எந்த அலகை முதலில் ஓட்டுவது என்று மின்வாரியம் முடிவெடுக்கும் இடத்தில் அது வேலை செய்யும். எண்ணூர் பக்கத்து அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் 1990-களின் 210 மெகாவாட் அலகுகளும், 2024-ல் தொடங்கிவைத்த 800 மெகாவாட் அலகும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. பழசு யூனிட்டுக்கு அதிகம் தின்னும், வரியும் அதைத்தான் அதிகம் கடிக்கும்.

அடுத்தது மாடி சோலார். மத்திய அரசு மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு 78,000. தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில் இருக்கும் என் சின்னம்மாவிடம் சொன்னேன். "மாடி யாருதுடா?" என்றார். அங்கே ஏற்கெனவே தண்ணீர் டேங்க், டிஷ், ஆறு வீட்டுத் துணிக்கொடி. 1 கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். சரி, இடம் கிடைத்தாலும் அவர் இரண்டு மாதத்துக்குச் செலவழிப்பது 180 யூனிட், காசு கட்டுவது 80-க்குத்தான். போட்ட பணம் திரும்ப எத்தனை வருஷம்! காசிமேடு பக்கம் உப்புக்காற்றில் ஸ்டாண்டு துருப்பிடிப்பது தனிக் கதை.

மூன்றாவதுதான் என் கட்சி: பகல் சோலார் மின்சாரத்தை பேட்டரியில் சேர்த்து மாலையில் கொடுப்பது. உலக அளவில் சோலார் பேனலின் மொத்த உற்பத்தி இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் விலை சுமார் 20 சதவீதம் இறங்கிவந்திருக்கிறது. 2017-ல் ராஜஸ்தானின் பட்லா சோலார் பூங்கா ஏலத்தில் யூனிட் 2.44 ரூபாய்க்கு வந்தது. ஆனால் ராத்திரி ஏழு மணிக்கு வீடு வீடாக ஃபேனும் டிவியும் ஓடும்போது வெயில் இல்லை, அத்திப்பட்டுதான் ஓடுகிறது. லித்தியம் பேட்டரியும் அதே பாதையில் இறங்கி, 2010 விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. இன்றைய விலையை வைத்து 'கட்டுபடியாகாது' என்று ஃபைலை மூடினால் கணக்குத் தப்பும். வாங்க வாங்கத்தான் அது இறங்கும்.

2018 பொருளாதார நோபலைப் பங்கிட்டவர்கள் நார்ட்ஹாஸும் ரோமரும். கார்பனுக்கு விலை வை என்றவர் ஒருவர், புதிய தொழில்நுட்பம் எப்படிப் பிறந்து வளர்ச்சியாகிறது என்று காட்டியவர் இன்னொருவர். எனக்கு இரண்டும் வேண்டும்: வரி போடு, அந்தப் பணத்தை துணை மின்நிலையத்தில் பேட்டரியாக வை.

நடந்தது வேறு. முதலில் தூய ஆற்றல் நிதிக்கு என்றார்கள். 2017-க்குப் பிறகு அந்த 400 ரூபாய் ஜிஎஸ்டியால் மாநிலங்களுக்கு வந்த வருமான இழப்பை ஈடுகட்டப் போனது. 2025 செப்டம்பரில் அதையும் எடுத்துவிட்டு, நிலக்கரி ஜிஎஸ்டியை 5-லிருந்து 18 சதவீதமாக்கினார்கள். எடைக்கு இருந்த வரி விலைக்கு மாறியதில், விலை மலிந்த, சாம்பல் மிகுந்த ரகத்துக்குத்தான் லாபம். ஒடிசாவிலிருந்து கப்பலேறி எண்ணூரில் வந்து இறங்குவது அந்த ரகம்.