‘துல்லியக் காடி ஜிக்’ செட் வாங்குமுன் அளந்து பாருங்கள்: பெங்களூரிலிருந்து ஓர் எச்சரிக்கை

பெங்களூரில் ரவுட்டர் (சுழலும் வெட்டுமுனையால் மரத்தைக் குடையும் மின்கருவி) வைத்து மரவேலை செய்யும் தமிழ் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். அலமாரித் தட்டுகள் உட்காரும் குறுக்குக் காடிகளை, அதாவது டேடோ எனப்படும் பள்ளங்களை, வெட்டுவதற்கென்று ‘துல்லிய ஜிக் செட்’ ஒன்று இந்நகரில் கைப்பேசி விளம்பரங்கள் வழியாக விற்கப்படுகிறது. ஜிக் (ரவுட்டரை வழிநடத்தும், ‘வாய்’ எனும் நீள்திறப்புள்ள சட்டம்), கைடு புஷ் (ரவுட்டரின் அடியில் பிட்டைச் சுற்றிப் பொருத்தி, ஜிக்கின் வாய்க்குள் உரசி ஓடும் வளையம்), 12 மி.மீ. பிட் (வெட்டுமுனை), காலெட் (பிட்டின் தண்டை இறுக்கிப் பிடிக்கும் கவ்வி) ஆகிய எல்லாம் ஒரே பெட்டியில் வருகின்றன. நாங்கள் கொடுத்த விலை 6,500 ரூபாய். எங்களுக்கு வந்த செட்டில் விற்றவர் எழுதிக் கொடுத்த அளவுகள் பொய்த்துப் போனதோடு, காலெட்டும் பிட்டும் சேரும் இடம் வேலை செய்பவரின் கைக்கே ஆபத்தாக இருந்தது. புகார் இன்னும் முடியாத நிலையில் இருப்பதால் விற்றவரின் பெயரைத் தவிர்க்கிறேன். மற்ற எல்லாவற்றையும் சொல்கிறேன்.

லிங்கராஜபுரத்தில் நானும் என் சித்தி மகனும் சிறிய பட்டறை ஒன்று நடத்துகிறோம். அல்சூரில் ஒரு வீட்டுக்குப் புத்தக அலமாரி செய்ய வேண்டியிருந்தபோது இந்தச் செட்டை வாங்கினோம். எங்கள் டிரிம்மர் (சிறிய ரவுட்டர்) எந்த மாதிரி, பலகை எந்தத் தரம், காடி எவ்வளவு ஆழம் என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே அனுப்பியிருந்தோம். “ஜிக்கின் வாய் 23 மி.மீ., புஷ்ஷின் வெளிவிட்டம் 17 மி.மீ., 12 மி.மீ. பிட் போட்டால் காடி சரியாக 18 மி.மீ. வரும்” என்று அவரும் எழுத்தில் பதில் அனுப்பினார். இந்தக் கணக்கில் பிழை இல்லை. புஷ்ஷின் வெளிவிட்டத்திலிருந்து பிட்டின் விட்டத்தைக் கழித்தால் 5 மி.மீ.; அதை வாயின் அகலத்திலிருந்து கழித்தால் 18. ஆனால் பெட்டியில் வந்த புஷ்ஷை வெர்னியரில் (நுண்ணளவு காட்டும் அளவுகோல்) பிடித்துப் பார்த்தால் 16 மி.மீ.தான் இருந்தது. ஒரு மில்லிமீட்டர் புஷ்ஷில் குறைந்தால் அது அப்படியே காடியின் அகலத்தில் கூடிவிடும். துண்டுப் பலகையில் வெட்டிப் பார்த்தபோது காடி 19 மி.மீ. வந்தது, நாங்கள் வாங்கியிருந்த பிளைவுட்டின் உண்மையான தடிமனோ 17.3 மி.மீ. அந்தக் காடியில் தட்டு ஒட்டுப் பசையை நம்பித்தான் நிற்க வேண்டும்.

இதைச் சொன்னதும் விற்றவர் பழியைப் பலகையின் மேல் போட்டார். “தம்பி, ஜிக்கில் ஒரு குறையும் இல்லை, பிளைவுட் மெல்லிசாக வருகிறது, அதற்கு நான் என்ன செய்ய முடியும்?” என்றார். என் தம்பி, “அண்ணே, சரியாக 18 மி.மீ. உள்ள பலகையை வைத்தாலும் உங்கள் காடியில் ஒரு மில்லிமீட்டர் ஆடுமே” என்று கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. பிளைவுட் அச்சிட்ட அளவை விடக் கொஞ்சம் மெலிந்து வருவது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த செய்தி. அப்படியிருக்க, வாயை நகர்த்தவே முடியாத ஜிக்கைத் துல்லியம் என்று சொல்லி விற்பதே என் பார்வையில் முதல் ஏமாற்று. பலகையின் மேல் மைக்கா ஒட்டுகிறோம், உள்பக்கம் வேறு தடிமனில் லைனர் தாள் ஒட்டுகிறோம். ஒவ்வொரு வேலைக்கும் தட்டின் தடிமன் மாறும்போது, ஒரே அளவில் அறுத்து வைத்த வாய் எந்த வேலைக்குப் பொருந்தும்?

ஜிக்கின் செங்கோணமும் சரியில்லை. இதை எவரும் மூலைமட்டம் இல்லாமலே கண்டுபிடிக்கலாம். நேரான விளிம்புள்ள பலகையில் ஜிக்கின் குறுக்குக் கட்டையை அணைத்து வைத்து, சட்டத்தின் ஓரமாகக் கூர்மையான பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். பிறகு ஜிக்கைத் தலைகீழாகப் புரட்டி, அதே விளிம்பில் அணைத்து, அதே தொடக்கப் புள்ளியிலிருந்து மறுபடியும் ஒரு கோடு போட வேண்டும். இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் ஜிக் நேராக இருக்கிறது. விலகினால், கோட்டின் முனையில் தெரியும் இடைவெளியில் பாதிதான் பிழை. எங்கள் ஜிக்கில் 300 மி.மீ. நீளத்துக்கு 2 மி.மீ. பிழை இருந்தது. அலமாரியின் இடப்பக்கப் பலகையிலும் வலப்பக்கப் பலகையிலும் முன் விளிம்பிலிருந்தே ஜிக்கை வைத்து வெட்டுவதால், ஒன்றில் காடி மேல் நோக்கியும் மற்றொன்றில் கீழ் நோக்கியும் சாயும். தட்டின் பின்பக்கத்தில் பிழை இரட்டிப்பாகி, தட்டு முறுக்கிக்கொண்டுதான் உட்காரும்.

இவை வெறும் பண நட்டம். அடுத்தது அப்படியல்ல. செட்டோடு வந்த பிட்டின் தண்டு 6 மி.மீ. செட்டோடு வந்த காலெட்டின் மேலும் 6 என்றே பொறித்திருந்தது. ஆனால் அதன் உள்விட்டம் 6.35 மி.மீ., அதாவது கால் அங்குலம். ஸ்பேனரால் இறுக்கும்போது நன்றாகப் பிடித்தது போலவே கைக்குத் தெரியும். காலெட்டின் வாய் ஒரு சில இடங்களில் மட்டும் தண்டைத் தொட்டுக்கொண்டிருப்பது தெரியாது. டிரிம்மர்கள் நிமிடத்துக்கு 30,000 சுற்று வரை ஓடக்கூடியவை. அந்த வேகத்தில், அதிர்விலும் வெட்டின் இழுப்பிலும் பிட் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். துண்டுப் பலகையில் வெட்டிய சிறு வெட்டில் அது புலப்படவில்லை. ஜிக்கின் வாயைச் சரிசெய்து தருவதாக விற்றவர் இழுத்தடித்துக்கொண்டிருந்த நாட்களில், ஜிக்கை ஒதுக்கிவிட்டு, பிட்டையும் காலெட்டையும் மட்டும் வைத்து, ஒரு நேர்கட்டையை அணைத்துப் பக்கப் பலகையில் வெட்டியபோதுதான் தெரிந்தது: 6 மி.மீ. ஆழத்தில் தொடங்கிய காடி மறுமுனையில் 9 மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தது. என் தம்பி சத்தம் மாறுவதைக் கவனித்து உடனே இயந்திரத்தை நிறுத்தினான். இன்னும் கொஞ்சம் ஓட விட்டிருந்தால் பிட் கழன்று பறந்திருக்கும். முகத்துக்கு எவ்வளவு அருகில் குனிந்து நாம் இந்த வேலையைச் செய்கிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள். பலகை வீணானது, அதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. தவறான எண்ணைப் பொறித்த காலெட்டை ஒருவர் தெரிந்தோ தெரியாமலோ விற்றுக்கொண்டிருக்கிறார் என்பதும், ரவுட்டரை இப்போதுதான் முதன்முதலாகக் கையில் எடுக்கும் பிள்ளைகளும் அதை வாங்குகிறார்கள் என்பதும்தான் என்னை எழுத வைக்கிறது.

ஆகவே எந்தக் காலெட்டாக இருந்தாலும் மேலே பொறித்திருக்கும் எண்ணை நம்பாமல், வெர்னியரின் உள்தாடையால் அளக்க வேண்டும். 6 மி.மீ. தண்டுக்கு 6 மி.மீ. காலெட்டும், கால் அங்குலத் தண்டுக்கு 6.35 மி.மீ. காலெட்டும் தனித்தனியாகவே வேண்டும். ‘இரண்டுக்கும் பொருந்தும்’ என்று எவராவது சொன்னால் அவரிடம் வாங்காதீர்கள். எஸ்.ஜே.பி. சாலையில் உள்ள கருவிக் கடைகளுக்கு இயந்திரத்தின் பழைய காலெட்டைக் கையோடு எடுத்துச் சென்றால் பொருத்திப் பார்த்தே வாங்கலாம். பிட்டைப் பொருத்தும்போது அடிவரை இறக்கி, பிறகு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே தூக்கி இறுக்குவது நல்லது. அடியில் முட்டிக்கொண்டிருந்தால் காலெட் முழுமையாக இறுகாது.

இனி, விலை கொடுத்து வாங்க வேண்டிய தேவையே இல்லாத ஜிக்கைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த 6,500 ரூபாய்க்கு எந்த நியாயமும் இல்லை என்பது இதைச் செய்து பார்த்தால் விளங்கும். நேரான விளிம்புள்ள 18 மி.மீ. பிளைவுட் சட்டங்கள் இரண்டு, குறுக்குக் கட்டைகள் இரண்டு, கைத்திருகு உள்ள போல்ட்டுகள் சில போதும். ஒரு சட்டத்தைக் குறுக்குக் கட்டைகளோடு செங்கோணத்தில் பசையிட்டுத் திருகிவிட வேண்டும். மற்றச் சட்டம் குறுக்குக் கட்டைகளில் வெட்டிய நீள்துளைகளில் நகர வேண்டும். காடியில் உட்காரப் போகும் பலகையின் ஒரு துண்டையே, மைக்கா ஒட்டிய பிறகு, இரண்டு சட்டங்களுக்கும் நடுவே நிறுத்தி, நகரும் சட்டத்தை அதன் மேல் அணைத்து இறுக்கினால் வாயின் அளவு கிடைத்துவிடும். அளவுகோலே வேண்டாம். பிட்டின் மேல்பகுதியில் பேரிங் உள்ள வகையைப் பயன்படுத்த வேண்டும். பேரிங்கின் விட்டமும் பிட்டின் விட்டமும் ஒன்றாக இருந்தால், சட்டங்களின் இடைவெளியே காடியின் அகலம்.

இதில் ஒரு நுட்பம் பலரைத் தடுமாற வைக்கிறது. முதல் வெட்டில் ஆழம் 3 மி.மீ. மட்டுமே இருக்கும்போது பேரிங் சட்டத்தின் உள்விளிம்பைத் தொட்டு உருள வேண்டும். வெட்டும் பகுதி 25 மி.மீ. நீளமுள்ள பிட்டைப் போட்டால், 18 மி.மீ. சட்டத்துக்கும் மேலே பேரிங் நின்றுவிடும். பிட் சட்டத்தையே தின்னும். 12 மி.மீ. வெட்டு நீளம் உள்ள பிட்டானால் முதல் வெட்டிலிருந்தே பேரிங் சட்டத்தைத் தொடும். 18 மி.மீ. பலகையில் தடிமனின் மூன்றில் ஒரு பங்கான 6 மி.மீ. ஆழம் போதுமானது; அதையும் இரண்டு முறையாக வெட்டுவதே இயந்திரத்துக்கும் கைக்கும் நல்லது. ரவுட்டரை இடப்பக்கச் சட்டத்தை ஒட்டி நம்மிடமிருந்து தள்ளிக்கொண்டு போய், வலப்பக்கச் சட்டத்தை ஒட்டி நம்மை நோக்கி இழுத்து வர வேண்டும். அப்போது பிட்டின் சுழற்சியே ரவுட்டரைச் சட்டத்தோடு அழுத்திப் பிடிக்கும். திசையை மாற்றினால் அது சட்டத்தை விட்டு விலகி ஓடப் பார்க்கும். காடி முடியும் விளிம்பில் ஒரு வேண்டாத கட்டையை அணைத்து வைத்தால் பிளைவுட்டின் மேல்தாள் பிய்ந்து வராது.

வாங்கி ஏமாந்தவர்களுக்கு வழி உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ரசீது தர மறுப்பதும், குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைகள். எங்களுக்கு அவர் கொடுத்தது கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு மட்டுமே. திரும்ப எடுத்துக்கொள்ளவும் மறுத்துவிட்டார். ‘நீங்கள் பட்டறை வைத்திருப்பவர்கள், நுகர்வோர் அல்ல’ என்றும் சொல்லிப் பார்த்தார். வணிக நோக்கத்துக்காக வாங்குபவர்களைச் சட்டம் விலக்கி வைப்பது உண்மைதான். ஆனால் சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்துவதற்கு மட்டுமே வாங்குபவர்களை அது விலக்குவதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால், நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். பொருளுக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். புஷ்ஷையும் காலெட்டையும் வெர்னியரில் வைத்து, எண் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். எங்கள் புகாரோடு நாங்கள் இணைத்தவையும் அந்தப் படங்களும் அவருடைய எழுத்துப் பதிலும்தான்.

இதே வகைச் செட்டை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள், ஜிக்கின் குறைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காலெட்டை அளக்கும் வரை தயவுசெய்து இயந்திரத்தில் மின்சாரம் பாய்ச்ச வேண்டாம்.