மூன்று பூட்டுச் சேமிப்புப் பெட்டி: ஆய்வுக்கு எவ்வளவு தேறும்?

கிராமச் சேமிப்புக் குழுக்களுக்குத் தரப்படும் இரும்புப் பெட்டி இது. இந்த முறையை 1991இல் நைஜர் நாட்டில் கேர் என்ற தொண்டு அமைப்பு தொடங்கியது. உள்ளே பாஸ்புக்குகள், ரப்பர் ஸ்டாம்ப், மைப் பேடு, பணம் எண்ணும் கிண்ணங்கள். மூன்று பூட்டுகளின் சாவிகளும் மூன்று பேரிடம் இருக்கும். 15 முதல் 25 பேர் கொண்ட குழுவுக்கு அருமையான பொருள். பழங்குடி ஊர்களில் சேமிப்புப் பழக்கத்தை ஆராய்பவருக்கோ இது பாதிக் கருவிதான்.

பெரிய பலம், உறவினர் பணம் கேட்கும்போது "சாவி என்னிடம் இல்லை" என்று மனம் நோகாமல் சொல்ல முடிவது. ஆனால் பூட்டை மட்டும் நம்பக் கூடாது. கென்யாவில் நடந்து 2013இல் வெளியான பரிசோதனையில், சாவியோடு கொடுத்த சாதாரணப் பெட்டியே நோய்த் தடுப்புக்காக மக்கள் போட்ட பணத்தை 66 சதவீதம் கூட்டியது. சாவியை வெளியாளிடம் வைத்த பெட்டிக்கு அந்தப் பலன் இல்லை. அவசரத்துக்குக் கைக்கு வராத பணத்தைப் போட மக்கள் தயங்குகிறார்கள். அதனால், கணக்கு சுத்தமாக இருக்கட்டும் என்று குழு தன் பணத்திலிருந்து உறுப்பினருக்குத் தரும் உள்கடனை ஆய்வாளர் நிறுத்தினால் பெட்டி செத்துப்போகும்.

அளவீட்டில்தான் கோளாறு அதிகம். சேமிப்பைப் பங்குகளாக வாங்க வேண்டும், ஒவ்வொரு பங்குக்கும் பாஸ்புக்கில் ஒரு ஸ்டாம்ப். ஒரு கூட்டத்தில் ஒருவர் ஐந்து பங்குக்கு மேல் வாங்க முடியாது. வசதியுள்ளவரின் சேமிப்பு அந்த வரம்பிலேயே நின்றுவிடும், மிச்சம் வீட்டில் இன்னொருவர் பெயரில் ஏறும். பங்கு வாங்காததால் பாஸ்புக்கில் கோடு போட்டு அடித்துவிட்ட கட்டத்தைப் பார்த்து, உறுப்பினர் வரவில்லையா, பணமில்லையா என்று சொல்ல முடியாது. தனிக் குறி போடச் சொல்லுங்கள். இதையெல்லாம்விட மோசமானது, ஆட்டை விற்றுப் பங்கு வாங்கினாலும் பாஸ்புக்கில் சேமிப்பு உயர்ந்ததாகவே தெரியும். உண்மையில் மொத்தச் சொத்து அதிகரித்திருக்காது.

ஆகவே பெட்டியைக் கொண்டுபோகும் முன், விதைப்பு முதல் அறுவடை வரையாவது ஊரில் தங்கிக் கவனிக்க வேண்டும். "எவ்வளவு சேமிக்கிறீர்கள்?" என்று கேட்காமல், யாருடைய கால்நடை யாரிடம் வளர்கிறது, தானியம் யார் வீட்டில் இருக்கிறது, யார் யாருக்குத் தர வேண்டும் என்று கேளுங்கள். அந்தப் பட்டியலைத்தான் பிறகு கணக்கெடுப்புப் படிவமாக்க வேண்டும். யாருக்குப் பெட்டி, யாருக்கு இல்லை என்று குலுக்கல் முறையில் பிரிக்கும்போது ஆள்வாரியாக வேண்டாம், குடியிருப்புவாரியாகப் பிரியுங்கள். உறவுகளுக்குள் பணம் கைமாறுவதால் ஆள்வாரி ஒப்பீடு குழம்பும். தனியாள் சம்மதத்தோடு ஊர்க்கூட்டத்தின் சம்மதமும் வேண்டும். பெட்டி கிடைக்காத குடியிருப்புகளுக்கு ஒரு சேமிப்புச் சுற்று முடிந்ததும் கொடுத்துவிட வேண்டும்.

பங்கின் விலையைக் குழுவே முடிவு செய்யட்டும். ஆய்வாளர் நிர்ணயித்தால் பெரும்பாலும் அதிகமாகிவிடும். முதலில் விலகுவது மிக ஏழைகள், பிறகு கிடைக்கும் சராசரி அவர்கள் இல்லாத சராசரி.